சொந்த ஊர்க் கூட்டம் எத்தனை ரவுண்டு ஜெயித்துத் தரும்?

கேள்வி: ஐயா, என் தம்பிக்கு 23 வயது. புரொஃபஷனல் குத்துச்சண்டையில் லைட்வெயிட். இதுவரை ஏழு சண்டை, ஏழும் வெற்றி, அதில் நான்கு நாக்அவுட். ஐந்து சென்னையில், இரண்டு பெங்களூரில். இப்போது பாங்காக்கில் எட்டு ரவுண்டு சண்டைக்குக் கூப்பிடுகிறார்கள். ஆறு வாரம்தான் இருக்கிறது. கோச் போகலாம் என்கிறார், மேனேஜர் வேண்டவே வேண்டாம் என்கிறார். "ஜோ கால்சாகி 46 சண்டையில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. எல்லாம் சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால்தான். சாம்பியன் ஆக வேண்டியவன் வீட்டை விட்டு நகரக் கூடாது" என்பது அவர் வாதம். சொந்த ஊர்க் கூட்டத்தால் உண்மையில் அவ்வளவு லாபம் உண்டா? போவதானால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: மேனேஜர் சொல்வதில் பாதி சரி. வேல்ஸ்காரரான கால்சாகி தோற்கவே இல்லை, பெரும்பாலும் பிரிட்டனில்தான் மோதினார். 1997-இல் ஷெஃபீல்டில் கிறிஸ் யூபேங்கை வீழ்த்தி டபிள்யூபிஓ என்ற உலகக் குத்துச்சண்டை அமைப்பின் சூப்பர் மிடில்வெயிட் பட்டம் வாங்கினார். பிறகு 21 முறை அதைக் காப்பாற்றினார். ஆனால் அவர் முதன்முதலாக அமெரிக்காவில் மோதியது 2008 ஏப்ரலில், 36 வயதில். லாஸ் வேகாஸில் பெர்னார்ட் ஹாப்கின்ஸ் முதல் ரவுண்டிலேயே அவரைத் தரையில் உட்கார வைத்தார். எழுந்து பிளவுத் தீர்ப்பில், அதாவது மூன்று ஜட்ஜில் இருவர் அவர் பக்கமும் ஒருவர் எதிர்ப்பக்கமும் எழுத, ஜெயித்தார். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ராய் ஜோன்ஸ் ஜூனியரும் முதல் ரவுண்டில் அவரை விழ வைத்தார். மறுபடி எழுந்தார், மூன்று ஜட்ஜுகளின் மதிப்பெண் அட்டையிலும் 118-109. வெளியூரில் விழுந்தாலும் எழுந்து ஜெயிக்கத் தெரிந்தவர்தான். அந்தத் திறமையை 36 வயது வரை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார் என்பதே அவர்மேல் இன்றும் சொல்லப்படும் குறை. ஹாப்கின்ஸுக்கு அப்போது 43, ஜோன்ஸுக்கு 39. "பத்து வருஷம் முன்னால் போயிருந்தால்?" என்ற கேள்விக்கு இனி யாரிடமும் பதில் இல்லை.

மேனேஜரின் வாதத்துக்குக் கால்சாகியைவிடப் பொருத்தமான ஆள் ஜெர்மனியின் ஸ்வென் ஒட்கே. அதே எடைப் பிரிவு, அதே காலம், அதே 21 பட்டக் காப்பு. 34 சண்டை, 34 வெற்றி. களம் ஜெர்மனி. ஆனால் அந்த 34-இல் நாக்அவுட் ஆறுதான். மிச்சம் அத்தனையும் ஜட்ஜுகளின் பேனாவில் வந்த வெற்றி. பட்டத்தை வாங்கிய 1998 சண்டையும் பிளவுத் தீர்ப்பு, 2003-இல் பெர்லினில் பைரன் மிட்செலிடமிருந்து இரண்டாவது பட்டத்தைச் சேர்த்ததும் பிளவுத் தீர்ப்பு. அதே ஆண்டு டிசம்பரில் நியூரம்பெர்க்கில் ராபின் ரீடை வென்ற சண்டையில் ரெஃப்ரி நடந்துகொண்ட விதம் பற்றி இன்றும் வாக்குவாதம் ஓயவில்லை. ஒட்கே திறமையில்லாதவர் என்று சொல்ல மாட்டேன். தூரம் அளப்பதில் கெட்டிக்காரர், தொடுவார், நகர்ந்துவிடுவார். தொட்டு நகர்கிற ஆளுக்குத்தான் சொந்த ஊர் மிக அதிகமாக உதவும். ஏன் என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம்.

ஐரோப்பிய சாம்பியன் பட்டச் சண்டைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2005-இல் வெளிவந்தது. இரண்டு பேரும் சமபலம் என்று வைத்துக் கணக்கிட்டால், நாக்அவுட்டில் முடியும் சண்டையை உள்ளூர்க்காரர் வெல்லும் வாய்ப்பு 57 சதவீதம். ரெஃப்ரி குறுக்கிட்டு நிறுத்தும் டெக்னிக்கல் நாக்அவுட்டில் 66. பாயின்ட்டில் முடிந்தால் 74. இந்த மூன்று எண்ணையும் வரிசையாகப் பாருங்கள். நாக்அவுட்டில் எண்ணுவது மட்டும்தான் ரெஃப்ரியின் வேலை, ஆள் எழவில்லை என்றால் கதை முடிந்தது. அங்கே 50-க்கு மேல் இருக்கும் 7-தான் தூக்கம், சாப்பாடு, பயணம், தன் கட்டில், தன் கழிவறை ஆகியவற்றின் பங்கு. அதற்கு மேல் ஏறுவதெல்லாம் மனிதர்கள் முடிவெடுக்கும் இடம். கூட்டம் உங்கள் தம்பியின் முஷ்டிக்குப் பலம் தருவதைவிட, பார்க்கிறவர் கண்ணுக்கு வேலை தருவதுதான் அதிகம்.

அது எப்படி நடக்கிறது என்றால், ஜட்ஜ் மேடைக்குக் கீழே, கயிற்றுக்கு இடையில் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். மூன்று பேர், மூன்று பக்கம். ஒரு மூலையில் இருவரும் ஒட்டிக்கொண்டு அடித்துக்கொள்ளும்போது மூவரில் ஒருவருக்காவது முதுகுதான் தெரியும். அடி முகத்தில் விழுந்ததா, கையுறையில் விழுந்ததா, தோளில் வழுக்கியதா என்று அவருக்குத் தெரியாது. அந்த நொடியில் பத்தாயிரம் பேர் "ஓ" என்று எழுந்தால், தெரியாத இடத்தை அந்தச் சத்தம் நிரப்பிவிடும். யாரும் லஞ்சம் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. காது கண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். கால்பந்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். தகுதி பெற்ற 40 ரெஃப்ரிகளுக்கு ஒரே ஆட்டத்தின் மோதல் காட்சிகளைக் காட்டினார்கள், சிலருக்குச் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமில்லாமல். சத்தம் கேட்டவர்கள் உள்ளூர் அணிமேல் கொடுத்த ஃபவுல் 15.5 சதவீதம் குறைவு.

குத்துச்சண்டையில் இந்தச் சிறு சாய்வு பெரிதாகிவிடக் காரணம் பத்துப் பாயின்ட் முறை. ஒரு ரவுண்டை மயிரிழையில் வென்றாலும் 10-9, தெளிவாக வென்றாலும் 10-9. எட்டு ரவுண்டில் நான்கு தெளிவாக இரண்டுக்கு இரண்டு பிரிந்தது, மற்ற நான்கும் இழுபறி என்று வையுங்கள். இழுபறியில் மூன்று உள்ளூர்க்காரர் பக்கம் விழுந்தால் 77-75. தீர்ப்பைக் கேட்கிறவருக்கு நியாயமாகவே தோன்றும். ஒவ்வொரு ரவுண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் எதையும் தவறு என்று அடித்துச் சொல்ல முடியாது. தொட்டு நகர்கிற பாணியில் இழுபறி ரவுண்டுகள் நிறைய வரும். அதனால்தான் ஒட்கே மாதிரி ஆளுக்குச் சொந்த ஊர் அத்தனை முக்கியம்.

எல்லா முறைகேட்டுப் புகாரையும் கூட்டத்தின் தலையில் கட்டுவதும் தப்பு. 2017-இல் பிரிஸ்பேனில் ஜெஃப் ஹார்ன் மேனி பாக்கியாவை வென்றபோது அரங்கில் 51,000 பேர். ஒரு ஜட்ஜ் 117-111 என்று எழுதியதைப் பார்த்து உலகமே கத்தியது. பிறகு டபிள்யூபிஓ வெவ்வேறு நாட்டு ஜட்ஜுகள் ஐந்து பேரிடம் அந்தச் சண்டையைச் சத்தமில்லாமல் பார்க்கக் கொடுத்தது. அப்போதும் ஹார்னுக்கு ஏழு ரவுண்டு, பாக்கியாவுக்கு ஐந்து என்றே வந்தது. 117-111 தப்பான அட்டைதான், ஆனால் ஜெயித்த ஆள் மாறவில்லை. இதற்கு நேர்மாறானது 2022-இல் கிளாஸ்கோவில் ஜாஷ் டெய்லர், ஜேக் கேட்டரால் சண்டை. உள்ளூர் டெய்லர் எட்டாவது ரவுண்டில் விழுந்தும் பிளவுத் தீர்ப்பில் தப்பித்தார். பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் விசாரித்து ஒரு ஜட்ஜின் தரத்தைக் குறைத்தது, தீர்ப்பு மட்டும் அப்படியே நின்றது. நீங்கள் ஏதாவது பழைய சண்டையைப் பார்ப்பதானால் முதல் தடவை ஒலியை மூடிவிட்டு, பேப்பரில் ரவுண்டு ரவுண்டாக எழுதிப் பாருங்கள். மறுநாள் சத்தத்தோடு எழுதுங்கள். இரண்டு அட்டைக்கும் இடையே எத்தனை ரவுண்டு மாறியதோ, அதுதான் அந்தக் கூட்டத்தின் விலை. தம்பியின் ஏழு சண்டைக்கும் இதைச் செய்யுங்கள். பாயின்ட்டில் ஜெயித்த மூன்றில், சத்தமில்லாமலும் அவன் ஜெயிக்கிறானா என்று பார்க்க வேண்டும். இது கசக்கும், ஆனால் மேனேஜரும் கோச்சும் ஒரு மாதம் பேசித் தீராததை இது ஒரு ராத்திரியில் தீர்த்துவிடும்.

சொந்த ஊர் என்றால் வரைபடத்தில் இருக்கும் ஊர் என்று நினைக்க வேண்டாம். 1993-இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் பெர்னெல் விட்டேக்கர் அமெரிக்கர், ஹூலியோ சீசர் சாவேஸ் மெக்சிகோக்காரர். மண் விட்டேக்கருடையது, டிக்கெட் வாங்கியவர்கள் சாவேஸுடைய ஆட்கள். பெரும்பாலானோர் விட்டேக்கர் ஜெயித்ததாகப் பார்த்த அந்தச் சண்டை டிரா என்று அறிவிக்கப்பட்டது. டிக்கெட்டை விற்பது யார், டிவி பணம் யாருக்காக வருகிறது என்பதுதான் கேள்வி.

கூட்டத்தைவிட அதிகம் வேலை செய்வது அந்தக் கூட்டத்தைக் கூட்டியவரின் காகிதம். ரிங் எத்தனை அடி, கேன்வாஸுக்குக் கீழே மெத்தை எவ்வளவு, எந்த கம்பெனி கையுறை, சண்டை எத்தனை மணிக்கு, எதிராளிக்கு ஹோட்டல் எங்கே, இவை எல்லாம் சண்டையை நடத்தும் உள்ளூர் புரமோட்டரின் மேசையில் முடிவாகின்றன. 1987-இல் ரே லெனார்ட், சாம்பியன் மார்வின் ஹாக்லரிடம் பணத்தில் விட்டுக்கொடுத்து, பதிலுக்கு 20 அடி ரிங், 10 அவுன்ஸ் கையுறை, 15-க்குப் பதில் 12 ரவுண்டு என்று வாங்கிக்கொண்டார். பிளவுத் தீர்ப்பில் ஜெயித்தார். மெத்தை கனமாக இருந்தால் நகர்ந்து ஆடுகிறவன் கால் ஐந்தாவது ரவுண்டிலேயே மணலில் நடப்பதுபோல் ஆகிவிடும், நின்று அடிக்கிறவனுக்கு அது வசதி. 2015-இல் டுசல்டார்ஃபில் விளாடிமிர் கிளிட்ச்கோவோடு மோதப்போன டைசன் ஃபியூரியின் ஆட்கள் சண்டைக்கு முன்பே ரிங்கில் ஏறி மிதித்துப் பார்த்து, அதிகப்படி மெத்தையை எடுக்க வைத்தார்கள். கிளிட்ச்கோ தங்கள் ஆள் இல்லாதபோது கையில் கட்டுப் போட்டுவிட்டார் என்று சொல்லி, கட்டை அவிழ்த்து மறுபடி கட்ட வைத்தார்கள். அன்றிரவு ஃபியூரி மூன்று அட்டையிலும் ஜெயித்தார். வெளியூர் போகிறவன் அடிப்பதற்கு முன்னால் கேட்கப் பழக வேண்டும்.

இனி மேனேஜர் சொல்லாத பாதி. சொந்த ஊர் தின்னவும் செய்யும்.

ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் கம்போசோஸைப் பாருங்கள். 2021 நவம்பரில் நியூயார்க்கில், புரூக்ளினில் பிறந்த டியோஃபிமோ லோபஸை முதல் ரவுண்டில் விழவைத்து பிளவுத் தீர்ப்பில் வென்றார். அதாவது எதிராளி ஊரில், பாயின்ட்டில். அடுத்த ஆண்டு மெல்போர்னில் சொந்த மக்கள் நாற்பதாயிரம் பேருக்கு மேல் கூடியிருக்க, அமெரிக்கரான டெவின் ஹேனியிடம் தோற்றார். அக்டோபரில் மறுபடி அதே மெல்போர்ன், அதே ஹேனி, அதே முடிவு. முன்கையை நேராக நீட்டிக் குத்தும் ஹேனியின் ஜாப்புக்கு எதிராளி ஊரும் சொந்த ஊரும் ஒன்றுதான். அடி தெளிவாக விழுந்துகொண்டே இருந்தால் கத்துவதற்குக் கூட்டத்துக்கு எதுவும் கிடைக்காது. ஜப்பானின் யோகோ குஷிகென் 13 முறை பட்டம் காத்தவர், கடைசியில் 1981-இல் பட்டத்தைப் பறிகொடுத்தது தன் பிறந்த மண்ணான ஒகினாவாவில். தாய்லாந்தின் வான்ஹெங் மெனயோதின் 54 சண்டை தோற்காமல் வந்தார், அமெரிக்காவின் ஃபிளாய்ட் மேவெதரின் 50-ஐயும் தாண்டி. 2020-இல் அதை முடித்துவைத்தவர் வெளிநாட்டுக்காரர் அல்ல, இன்னொரு தாய்லாந்துக்காரர். இருவருக்கும் அதே மண் என்று ஆனதும் மூன்று ஜட்ஜும் 115-113 என்று எழுதினார்கள்.

உள்ளூரில் மோதும் பையனின் கடைசி வாரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். எடை குறைக்க உப்பையும் தண்ணீரையும் அளந்துகொண்டிருப்பான். அப்போது ஃபோன் அடிக்கும். "டேய், மாமா பேசறேன், நாலு டிக்கெட் எடுத்து வை." டிக்கெட் விற்ற காசு அவன் சம்பளத்தில் சேர்வதால் எடுக்காமலும் இருக்க முடியாது. வீட்டுக்கு வரும் சித்தி "என்னடா இப்படி எளச்சுட்ட" என்று கண் கலங்குவாள். ரிங்கில் ஏறியதும் இரண்டாவது வரிசையில் பள்ளிக்கூட நண்பர்கள். முதல் ரவுண்டிலேயே நாக்அவுட் பண்ணிக் காட்ட வேண்டும் என்று தோன்றும். முதல் மூன்று நிமிடத்தில் எட்டு ரவுண்டுக்கு உரிய மூச்சைச் செலவழித்துவிடுவான். எதிராளியின் கையுறைமேல் அடித்த அடிக்குக் கூட்டம் கத்தும், அவனும் அது பட்டதாகவே நம்பிவிடுவான். இதுதான் சொந்த ஊரின் மிகப் பெரிய கெடுதல் என்பது என் கருத்து. ஜட்ஜை மட்டுமல்ல, தன் பையனையும் கூட்டம் ஏமாற்றுகிறது. பலவீனம் இருப்பதே அவனுக்குத் தெரியாமல் பத்து சண்டை ஓடிவிடும்.

வெளியூரிலேயே வாழ்ந்த சாம்பியன் ஒருவர் இருக்கிறார். உக்ரைனின் ஓலெக்சாண்டர் உசிக் முதல் உலகப் பட்டத்தைப் போலந்தின் க்டான்ஸ்கில் போலந்துக்காரரிடமிருந்து வாங்கினார். பெர்லினில் மார்கோ ஹூக், ரீகாவில் லாட்வியாக்காரர் மைரிஸ் பிரீடிஸ், மாஸ்கோவில் முராத் காசியேவ், மான்செஸ்டரில் டோனி பெல்லு, லண்டனில் ஆந்தனி ஜோஷுவா. ஒவ்வொன்றும் எதிராளியின் வாசல். இதில் ரீகாவையும் மாஸ்கோவையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும், இரண்டும் 2018. ரீகாவில் பிரீடிஸ் ஒட்டி அடித்தார், ரவுண்டுகள் இழுபறியாயின. 115-113, 115-113, மூன்றாவது அட்டை 114-114. நூலிழை. மாஸ்கோவில் காசியேவ் அருகே வரவே முடியவில்லை. 120-108, 119-109, 119-109. ஊர் பகையூர்தான், ஆனால் இழுபறிக்கு இடமே கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் டேனியல் கீல் இன்னொருவர். 2011-இல் ஜெர்மனியில் செபாஸ்டியன் சில்வெஸ்டரிடமிருந்து பட்டத்தைப் பிளவுத் தீர்ப்பில் வாங்கினார். அடுத்த ஆண்டு அதே ஜெர்மனிக்குப் போய் ஃபெலிக்ஸ் ஸ்டர்மையும் பிளவுத் தீர்ப்பில் வென்றார். ஜெர்மனியில் பாயின்ட்டில் ஜெயிக்க முடியாது என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில்! அவர் அடியில் பெரிய வெடி இல்லை. ஆனால் மூன்று நிமிடமும் கை ஓயாது.

ஆகவே என் பதில், போகட்டும். ஆனால் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொண்டு போகட்டும்.

பாங்காக் முதல் வெளியூருக்கு ஏற்ற இடம். சென்னையிலிருந்து மூன்றரை மணி நேர விமானம், நேர வித்தியாசம் ஒன்றரை மணிதான். அமெரிக்கா என்றால் உடம்பு பழகவே பத்து நாள் போயிருக்கும். தாய்லாந்தின் உண்மையான உள்ளூர் ஆயுதம் கூட்டம் அல்ல, வெயில். அங்கே பல சண்டைகள் டிவிக்காகப் பகலில், திறந்த வெளியில், மேலே ஒரு பந்தலோடு நடக்கின்றன. ஜப்பான்காரரும் ஐரோப்பியரும் ஐந்தாவது ரவுண்டில் வாடிப்போவது அதனால்தான். சென்னைப் பையனிடம் அந்த ஆயுதம் மழுங்கிப்போகும், அவன் ஏசி ஜிம்மில் மட்டும் பயிற்சி செய்யாதிருந்தால். சண்டை எத்தனை மணிக்கு, கூரை உண்டா என்று இன்றே கேளுங்கள். பகல் என்றால் கடைசி மூன்று வாரம் ஸ்பாரிங்கை, அதாவது பயிற்சிச் சண்டையை, மதியம் இரண்டரை மணிக்கு, ஃபேனை நிறுத்திவிட்டு வையுங்கள்.

லைட்வெயிட் வரம்பு 135 பவுண்டு, அதாவது 61.2 கிலோ. விமானம் ஏறும்போது அவன் 63 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. மீதியை அங்கே போய் வியர்த்துக் குறைக்கலாம், நான்கைந்து கிலோவை ஹோட்டல் பாத்ரூமில் குறைக்க முயன்றால் அடுத்த நாள் கால் இருக்காது. சண்டைக்கு ஐந்து நாள் முன்னால் போய்ச் சேருங்கள். வீட்டுத் தராசை எடுத்துப்போங்கள். போனதும் அதிகாரப்பூர்வத் தராசில் ஒருமுறை ஏறி, இரண்டுக்கும் எத்தனை கிராம் வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் கடைசி நேரத்தில் 300 கிராம் கூடுதல் என்று ஓடுகிறவர்கள் நிறைய. அரிசி, சின்ன குக்கர், ரசப்பொடி கொண்டுபோனால் எடை பார்த்த பிறகு வயிறு கெடாது. அன்று இரவு தெருக்கடைச் சாப்பாட்டை ஆசைக்குக்கூடத் தொட வேண்டாம்.

ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதியிருக்க வேண்டியவை: ரவுண்டு எட்டு, எடை 135 பவுண்டு, கையுறை 8 அவுன்ஸ், அதன் கம்பெனி பெயர், இருவருக்கும் ஒரே மாடல், ரிங்கின் உள் அளவு, மூன்று பேருக்கு டிக்கெட், இரண்டு அறை, சம்பளம் எந்த நாணயத்தில், எந்த நேரத்தில். "கையுறை புரமோட்டர் விருப்பப்படி" என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். குதிரைமுடி அடைத்த கையுறையில் அடி கூர்மையாக இறங்கும், ஃபோம் அடைத்ததில் அமுங்கும். அவர் ஆளுக்கு ஒன்று, உங்கள் ஆளுக்கு ஒன்று என்று ஆகிவிடக் கூடாது. பட்டமில்லாத எட்டு ரவுண்டு சண்டைக்கு வெளிநாட்டு ஜட்ஜ் கேட்டால் கிடைக்காது, அதில் மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனை, கண், மூளை ஸ்கேன் அறிக்கைகளின் தேதி காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள், ஸ்கேனுக்குத் தேதி கிடைக்கவே பத்து நாள் ஆகலாம்.

கார்னருக்கு, அதாவது ரவுண்டுகளுக்கு நடுவே மூலையில் நின்று உதவ, உங்கள் கோச்சோடு இன்னொருவரும் சென்னையிலிருந்தே போக வேண்டும். அங்கே ஒருவரை வாடகைக்குப் பிடித்துக்கொள்ளலாம் என்று புரமோட்டர் சொல்வார். அவர் வெட்டுக்காயத்தை எப்படி அடைப்பார் என்று யாருக்குத் தெரியும்? இரண்டாமவரின் முதல் வேலை, எதிராளிக்குக் கட்டுப் போடும் அறையில் போய் நின்று கடைசி டேப் வரை பார்ப்பது. எடை பார்த்த அன்று மாலை தம்பியோடு ரிங்கில் ஏறிக் குதிகாலால் நான்கு மூலையும் நடுவும் அழுத்திப் பார்க்கட்டும். ஒரு மூலை மட்டும் அமுங்கினால் அங்கே பின்வாங்கக் கூடாது என்று குறித்துக்கொள்ளலாம்.

இனி சத்தம். ஆறு வாரத்தில் வாரம் ஒரு ஸ்பாரிங்காவது வேறு ஜிம்மில், தம்பியின் நண்பர்கள் யாரும் இல்லாமல் நடக்கட்டும். எதிராளிக்கு மட்டும் கைதட்ட அங்குள்ள பையன்களைக் கேட்டுக்கொள்ளுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள். ஸ்பீக்கரில் அரங்கச் சத்தத்தைப் போட்டு, கோச் கத்தினாலும் காதில் விழாத அளவுக்கு வையுங்கள். அப்போதுதான் தெரியும், ரவுண்டுக்கு நடுவே சொல்லும் அறிவுரை எதுவும் எடுபடாது என்று. எனவே நான்கே நான்கு கட்டளை, நான்கு எண், கையால் காட்டுகிற மாதிரி. ஒன்று என்றால் ஜாப், இரண்டு என்றால் உடம்பு, இப்படி. ரவுண்டு முடிய பத்து நொடி இருக்கும்போது அடிக்கும் மரக்கட்டைச் சத்தமும் அங்கே கேட்காது. இரண்டாமவர் 30 நொடி மிச்சமிருக்கும்போது மஞ்சள் துண்டைத் தோளில் போட வேண்டும். தம்பி அதைப் பார்த்ததும் கை வேகத்தைக் கூட்ட வேண்டும். ஜட்ஜ் எழுதும் முன் கடைசியாகப் பார்ப்பது அந்த 30 நொடிதான். 60 நொடி ஓய்வில் முதல் 15 நொடி மூச்சும் தண்ணீரும், பிறகு ஒரே ஒரு வாக்கியம், பிறகு பேச்சில்லை.

எட்டு ரவுண்டில் இரண்டை உள்ளூருக்குக் கொடுத்துவிட்டதாகவே கணக்குப் போடச் சொல்லுங்கள். மிச்சம் ஆறில் ஐந்தைத் தெளிவாக எடுக்க வேண்டும். தெளிவாக என்றால், மூன்று பக்கத்திலிருந்தும் தெரிகிற அடி. எதிராளியின் தலை பின்னால் போகிற ஜாப்பும் நேர் ரைட்டும் மூவருக்கும் தெரியும். மூலையில் புகுந்து விலாவில் கொடுக்கும் லெஃப்ட் ஹுக் அருமையான அடி, எதிராளியின் கால் சோரும், ஆனால் ஒரு ஜட்ஜுக்குத்தான் தெரியும். அதை நான்காவது ரவுண்டு வரை முதலீடாக அடிக்கலாம், ரவுண்டு ஜெயிக்க அதை நம்ப வேண்டாம். கயிற்றில் சாய்ந்து கையுறையால் தடுப்பதும் கூடாது. பட்டது ஒன்றுமில்லை என்பது அவனுக்குத் தெரியும், கூட்டமோ ஆறு அடிக்கும் ஆறு முறை கத்தும். எதிராளி அடித்ததும் ஒரு ஜாப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் நடுவுக்கு நகரட்டும். கட்டிப்பிடிப்பதும் தாழ்வாக அடிப்பதும் சென்னையில் சும்மா விடப்பட்டிருக்கலாம், அங்கே எச்சரிக்கைக்குப் பிறகு ஒரு பாயின்ட் போய்விடலாம். ஒரு பாயின்ட் போனால் ஐந்து ரவுண்டு ஜெயித்தும் 76-75, ஒரு நூல் மிச்சம்.

எதிராளியின் வீடியோவை வாங்கிப் பார்க்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் எத்தனை சண்டை ஜெயித்தார் என்பதைவிட, எட்டு ரவுண்டு முழுதாக எத்தனை முறை போயிருக்கிறார் என்று பாருங்கள். தம்பி ஆறு ரவுண்டுக்கு மேல் இதுவரை போனதில்லை என்றால், கிளம்பும் முன் இரண்டு புது ஸ்பாரிங் ஆட்களை மாற்றி மாற்றி விட்டு எட்டு ரவுண்டு மூன்று முறையாவது முடித்திருக்க வேண்டும், கடைசியாகச் சண்டைக்கு 12 நாள் முன்னால். அது முடியவில்லை என்றால் பாங்காக்கிலேயே ஆறு ரவுண்டாகக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு வேண்டியது வெளிநாட்டிலிருந்து வரும் தோற்காத ஒரு பெயர், அது தம்பியிடம் இருக்கிறது. அந்தப் பெயருக்கு விலை உண்டு, சம்பளம் பேசும்போது மேனேஜரை அதை மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.